சாலையே, நீ யார்?

(சிவில், மூன்றாம் ஆண்டு மாணவர்)

"ஏண்ணே, இது என்ன ரோடு?" என்று மதுரையில் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "எய்ட்டி ஃபீட் ரோடு" என்பார். அகலம் தெரிந்துவிட்டது. "பைபாஸ் ரோடு" என்பார். ஒரு காலத்தில் அது செய்த வேலை தெரிந்துவிட்டது. "நத்தம் ரோடு", "தேனி ரோடு", "மேலூர் ரோடு" என்பார். போய்ச் சேருகிற ஊர் தெரிந்துவிட்டது. கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால், "இது ஹைவேஸ் ரோடு தம்பி, கார்ப்பரேஷனுக்கு இதுல வேலை இல்ல" என்று சொந்தக்காரர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ஆனால், இதில் எவ்வளவு வேகத்தில் போகலாம்? குறுக்கே யார் வருவார்கள்? நடந்து போகிறவர் எங்கே நடப்பார்? இதற்கு அந்த அண்ணனிடமும் பதில் இல்லை, ரோட்டிடமும் பதில் இல்லை!

நண்பர்களே, ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு கேட்டபோது, காதல் கவிதைகள் ஏற்கெனவே கட்டுக்கட்டாய் வந்து குவிந்துவிட்டதாகவும், "சப்ஜெக்ட் சம்பந்தமாக" ஒன்றுகூட வரவில்லை என்றும் சொன்னார்கள். சரி, நமக்குத்தான் கவிதை வராதே! ஹைவே இன்ஜினியரிங் பக்கமே போவோம் என்று பேனாவை எடுத்தேன். சிவில் படிக்காத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். எல்லோரும் ரோட்டில்தானே நடக்கிறோம்.

எங்கள் பாடத்தில் பீ.ஐ.ஈ.வி. தியரி என்று ஒன்று உண்டு. கன்னா – ஜஸ்டோ புத்தகத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிறவர் ஒன்றைப் பார்க்கிறார். அது என்னவென்று புரிந்துகொள்கிறார். மனதில் ஒரு பயமோ பதற்றமோ எழுகிறது. பிறகு முடிவெடுக்கிறார். இந்த நாலும் முடிந்து கால் பிரேக்குக்குப் போய்ச் சேர இரண்டரை விநாடி என்று இந்தியன் ரோடு காங்கிரஸ் கணக்கு வைத்திருக்கிறது. நமக்கு அது இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

அந்த இரண்டரை விநாடியைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. இரண்டரை விநாடியில் 55 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 55 மீட்டர்! பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் சேர்த்தால் 120 மீட்டர் வேண்டும். 100 கி.மீ. வேகம் என்றால் 180 மீட்டர். 50 கி.மீ. என்றால் 60 மீட்டர் போதும். இதெல்லாம் நம் கோடு புத்தகத்திலேயே அட்டவணையாக இருக்கிறது.

ஆனால் அட்டவணையில் இல்லாத ஒன்று உண்டு. அது எதிர்பார்ப்பு. ஒரு விஷயம் வரும் என்று நினைத்துக்கொண்டே வருகிறவருக்கு அதைப் புரிந்துகொள்ள நேரம் குறைவாகப் பிடிக்கும். வராது என்று நினைத்து வருகிறவருக்கு அதிகம் பிடிக்கும். சந்தைக் கடையில் வண்டி ஓட்டுகிறவர் எந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும் என்று காத்திருக்கிறார். நான்குவழிச்சாலையில் ஓட்டுகிறவர் காத்திருப்பதில்லை. அங்கே தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா சென்டர் மீடியன் இடைவெளியில் இருந்து இறங்கினால், அவர் கண்ணில் படுவதற்கும் மூளையில் படுவதற்கும் நடுவே வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? அந்த அம்மா வருவார் என்பதை ரோடு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? என் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

நம் நாட்டில் ரோட்டுக்கு ஜாதகம் இல்லாமல் இல்லை. 1943-ல் நாக்பூரில் தலைமைப் பொறியாளர்கள் கூடித் திட்டம் போட்டபோதே சாலைகளை வகை பிரித்துவிட்டார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை. சமதளத்தில் முதல் இரண்டுக்கும் 100 கி.மீ., மூன்றாவதற்கு 80, நான்காவதற்கு 65, கிராமச் சாலைக்கு 50 என்று டிசைன் வேகமும் உண்டு. பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான். ரோட்டில் போகிறவருக்கு இதை எப்படிச் சொல்கிறோம்? மைல்கல்லின் தலையில் பெயின்ட் அடித்துச் சொல்கிறோம். மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்டச் சாலை அல்லது நகரச் சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், மஞ்சள் தலை என்ன சொல்கிறது? இந்த ரோட்டுக்குப் பணம் டெல்லியிலிருந்து வருகிறது என்று சொல்கிறது. பள்ளம் விழுந்தால் யாருக்கு மனு எழுதணும் என்று சொல்கிறது. மஞ்சள் தலை வயக்காட்டு நடுவிலும் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு வாசலிலும் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. நம் வகைப்பாடு ஆபீஸ் ஃபைலுக்கானது. ஸ்டியரிங் பிடித்தவருக்கானது அல்ல. 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் எண் மாற்றினார்கள். ஏழு, நாற்பத்து நான்கு ஆனது. நம் ஊரில் பாதிப் பேர் இன்னும் "என்.எச். செவன்" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் யாருடைய ஓட்டமும் மாறவில்லை. மாறவும் மாறாது.

இதற்கு நேர்மாறான ஒரு ஏற்பாடும் நம் ஊரிலேயே இருக்கிறது. அதுவும் தொழில்நுட்பக் கல்லூரி எதுவும் இல்லாத காலத்தில் போட்டது! மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதைச் சுற்றி மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவை வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும். இந்தச் சதுரங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சந்துகள். மாசி வீதியில் தேர் திரும்ப வேண்டும், ஆகவே அகலம். சந்தில் குடியிருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவே, ஆகவே குறுகல். எந்த வீதி எதற்கு என்று அகலமே சொல்லிவிடும், திருப்பமே சொல்லிவிடும், திண்ணையே சொல்லிவிடும்.

(ஒரு சின்ன வேடிக்கை: சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில். மாசி மாதத்தில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாற்றியதாகச் சொல்வார்கள். பெயர் ஒன்று, வேலை ஒன்று என்பது மதுரை ரோடுகளுக்குப் புதுசு இல்லை போலிருக்கிறது!)

விளக்குத்தூண் பக்கம் சந்துக்குள் ஒரு ஆட்டோ நுழைவதைக் கவனியுங்கள். அங்கே வேக வரம்பு போர்டு கிடையாது. போலீஸ் கிடையாது. கேமரா கிடையாது. ஆனால் அதே ஆட்டோ அண்ணன், சற்று முன்பு வெளி வீதியில் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்தவர், இங்கே மாடு போல நடக்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் "கொஞ்சம் காலை எடு ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மனுஷர் மாறவில்லை, ரோடு மாறியது. "நம்ம ஜனங்க எந்தச் சட்டத்தையும் மதிக்க மாட்டாங்க சார்" என்று பேசுகிறவர்களை இந்தச் சந்தில் அரை மணி நேரம் நிற்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பழைய ஊருக்குள் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மாசி வீதியில் டூவீலர் நிறுத்த இடம் தேடி அலைந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள். வேகம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வீதிகள் பேசத் தெரிந்த வீதிகள் என்கிறேன்.

ஊருக்கு வெளியேயும் ரோடு பேசிய காலம் ஒன்று உண்டு. என் பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றினால் விடிவதற்குள் திண்டுக்கல் தாண்டிவிடுவார். ராத்திரியில் போர்டு கூட இல்லாத ரோட்டில் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லைட்டு போட்டா ரெண்டு பக்கமும் புளியமரம் தெரியும்டா. அடிமரத்துல பட்டை அடிச்சிருப்பான். மர வரிசை எங்கிட்டு வளையுதோ அங்கிட்டு ரோடு வளையுது. மரம் நின்னு போச்சுன்னா ஊரு வந்துருச்சுன்னு அர்த்தம். டீக்கடை லைட்டு தெரியும். கால் தானா பிரேக்குக்குப் போயிரும். இப்ப ஃபோர் வேயில ஏறுனா கன்னியாகுமரி வரைக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கு. எந்த ஊரு வந்துச்சு, எந்த ஊரு போச்சுன்னே தெரியல."

புளியமரத்தில் மோதிச் செத்தவர்களும் உண்டு, அதையும் பெரியப்பாவே சொன்னார். ஆகவே மரத்தைத் திரும்ப நடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் முடிவு கட்டப் போவதில்லை. மரம் செய்த இரண்டு வேலைகளை, அதாவது திருப்பத்தைக் காட்டியதையும் ஊர் வருவதைச் சொன்னதையும், அகலப்படுத்தியபோது யாரிடம் ஒப்படைத்தோம்? மரத்தை வெட்டினோம். அது பார்த்த வேலைக்கு ஆள் போடவில்லை.

இப்போது பைபாஸ் ரோட்டுக்கு வாருங்கள். காளவாசலிலிருந்து பழங்காநத்தம் வரை. வெளியூர் வண்டி ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகப் போட்ட ரோடு, ஆகவே அந்தப் பெயர். நான்குவழிச்சாலை ஊருக்கு மேற்கே இன்னும் தள்ளி, சமயநல்லூரிலிருந்து கப்பலூர் பக்கம் போய்விட்டது. பைபாஸ் ரோட்டில் இன்றைக்கு ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, ஓட்டல், அபார்ட்மென்ட், டியூஷன் சென்டர். சைக்கிளில் பிள்ளைகள், வாக்கிங் போகும் பெரியவர்கள், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் கூட்டம். வேலை பஜார் வேலை. உடம்பு மட்டும் இன்னும் ஹைவே உடம்பு. நேராக, அகலமாக, "போ போ" என்று கூப்பிடுகிற உடம்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தக் கூப்பிட்ட குரலுக்கு நம் வயசுப் பையன்கள் எப்படிப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ரிங் ரோடு இன்னொரு கதை. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கி.மீ. மாநகராட்சி கடன் வாங்கிப் போட்டு, டோல் வசூலித்த ரோடு. அப்போது நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. மேலூர் ரோடு, ராமநாதபுரம் ரோடு, அருப்புக்கோட்டை ரோடு எல்லாவற்றிலும் வரும் தூர வண்டிகளுக்கு அதுதான் வழி. நேர்கோடு, திறந்த வெளி, பார்த்தால் பெரிய ஹைவே. ஆனால் எதிரே வருகிற லாரிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும். தோற்றம் "முந்து" என்றது, அமைப்பு "முந்தாதே" என்றது. முந்தினவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை! பிறகு அதை நான்குவழியாக்கினார்கள். நேருக்கு நேர் மோதுவதற்குத் தடுப்பு வந்தது, சந்தோஷம். ஆனால் இதற்குள் விரகனூர், சிந்தாமணி, மண்டேலா நகர் என்று ஊர் ரிங் ரோட்டையே தாண்டி வளர்ந்துவிட்டது. நாளைக்கு அதுவும் ஒரு பைபாஸ் ரோடு ஆகும். பெயர் ரிங், வேலை பஜார், உடம்பு ஹைவே!

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியது அல்ல. நெதர்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் நிறையப் பேர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1992-ல் அங்கே புதிய கொள்கை ஒன்றை முன்வைத்தார்கள். மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், ஆகவே ரோட்டைத் திருத்து என்பது அதன் அடிப்படை. ரோடு மூன்றே வகை. தூரம் ஓடுவதற்கு ஒன்று. வீட்டு வாசலுக்குப் போவதற்கு ஒன்று. இரண்டையும் இணைக்க ஒன்று. ஒரு ரோடு ஒரு வேலைதான் பார்க்க வேண்டும். மூன்றும் பார்வைக்கே வேறு வேறாக இருக்க வேண்டும். 1995-ல் தேயுவேஸ், கோட்ஹெல்ப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கருத்துக்கு விளக்கம் எழுதினார்கள். "தன்னைத்தானே சொல்லும் சாலை" என்று நாம் தமிழில் வைத்துக்கொள்ளலாம். போர்டைப் படிக்காமலே, பார்த்த மாத்திரத்தில், இது என்ன வகை, இங்கே யார் வருவார்கள், எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டும்.

எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். ஊருக்கு வெளியே 100 கி.மீ. ரோட்டில் நடுவே இரட்டைக் கோடு, அதற்கு நடுவில் பச்சைப் பட்டை. 80 கி.மீ. ரோட்டில் இரட்டைக் கோடு மட்டும், பச்சை இல்லை. 60 கி.மீ. கிராம ரோட்டில் நடுக்கோடே கிடையாது! இரண்டு ஓரத்திலும் விட்டு விட்டு ஒரு கோடு. நடுக்கோடு இல்லை என்றதும் "எதிரே வருகிறவருக்கு நான்தான் வழி விட வேண்டும்" என்று கால் தானாகத் தளர்கிறது. ஊருக்குள் 30 கி.மீ. தெருவில் செங்கல் தளம். தெரு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு மேடு. டயர் சத்தமே மாறிவிடும். காது கூடச் சொல்லிவிடும், நீ வீட்டுப் பக்கம் வந்துவிட்டாய் என்று. நியூசிலாந்திலும் ஆக்லாந்து நகரின் ஒரு குடியிருப்புப் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். சின்னத் தெருக்களில் நடுக்கோட்டை எடுத்துவிட்டு மரம் செடி வைத்தார்கள். தெருவில் வேகம் குறைந்தது.

1.8 கோடி ஜனத்தொகை உள்ள நெதர்லாந்தில் இப்போது சாலையில் இறப்பவர்கள் ஆண்டுக்கு 700-ஐ ஒட்டி. ஏழு கோடிக்கு மேல் உள்ள தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் இந்தியாவிலேயே நமக்கு முதலிடம், 64,105. (இந்த முதலிடத்துக்கு யாரும் போஸ்டர் ஒட்டவில்லை.) வித்தியாசம் முழுவதும் கோட்டினால் வந்தது என்று நான் அளக்க மாட்டேன். அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை, நல்ல ஆம்புலன்ஸ், எல்லாம் உண்டு. ஆனாலும் அவர்கள் ரோட்டையே திருத்தினார்கள் என்பதை மறைக்க முடியாது.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஆள் சாக வேண்டும். சொந்தக்காரர்கள் சாலை மறியல் செய்ய வேண்டும். தாசில்தார் வர வேண்டும். மறுநாள் காலையில் அரை அடி உயரத்துக்கு ஒரு வேகத்தடை முளைக்கும். பெயின்ட் கிடையாது, முன்னறிவிப்புப் போர்டு கிடையாது. இந்தியன் ரோடு காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது, 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். நம் ஊர் வேகத்தடை அதைப் பார்த்தால் மிரண்டு ஓடும். பின்சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மாக்கள் தூக்கி எறியப்படுவது இதில்தான்.

வேகத்தடை போட முடியாத நெடுஞ்சாலை என்றால் இரும்பு பேரிகார்டு. நகைக்கடை விளம்பரம், பட்டுச்சேலை விளம்பரத்தோடு வளைந்து வளைந்து நிற்கும். சிரிக்காதீர்கள், இந்த பேரிகார்டில்தான் எனக்கு நம்பிக்கையே இருக்கிறது! ஏனென்றால் அதை வைத்த ஏட்டய்யாவுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. "ஊர் ஆரம்பம், ரோடு குறுகுது, மெதுவாப் போ" என்று ரோட்டைப் பேச வைக்கத்தான் அவர் முயல்கிறார். நெதர்லாந்துக்காரர் கல்லிலும் மரத்திலும் கட்டும் ஊர்வாசலை இவர் தகரத்தில் கட்டுகிறார். குறை என்னவென்றால், திடீரென்று கட்டுகிறார், ராத்திரியில் தெரியாதபடி கட்டுகிறார், ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு மாதிரி கட்டுகிறார். சமயத்தில் அந்த பேரிகார்டிலேயே மோதுகிறார்கள். அதே இடத்தில், 200 மீட்டர் முன்பிருந்தே ஓரத்தில் மரமும் விளக்கும் நெருங்கி வர, நடுவில் ஒரு திட்டு, தளத்தில் நிற மாற்றம் என்று எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி நிரந்தரமாகக் கட்டினால்? வாடிப்பட்டியில் பார்த்ததையே மேலூரிலும் பார்த்தால்? மூன்றாவது ஊரில் பார்க்கும்போது டிரைவருக்குப் பாடம் ஆகிவிடும். ஒரே மாதிரி என்பதுதான் இதில் உயிர்நாடி.

"கோடு போட்டா மட்டும் மதிக்கவா போறாங்க?" என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. கோட்டை யாரும் மதிப்பதில்லை, ஏனென்றால் நம் ஊர் கோடு பொய் சொல்கிறது. முந்தக் கூடாத வளைவில் விட்டு விட்டுப் போட்ட கோடு. முந்தலாம் என்கிற நேர்ரோட்டில் இரட்டைக் கோடு. தார் போட்ட பிறகு பல மாதம் கோடே இல்லை. வேலை நடந்தபோது வைத்த "20 கி.மீ." போர்டு, வேலை முடிந்து வருஷமாகியும் நான்குவழிச்சாலையில் நிற்கிறது. பத்து தடவை பொய் சொன்ன ஆளை பதினோராவது தடவை யார் நம்புவார்கள்? டிரைவர்மீது வழக்குப் போடுமுன் ரோட்டைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

இன்னொரு கட்சி அபராதக் கட்சி. வேக வரம்பைக் குறை, கேமரா வை, பைன் போடு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சராசரி வேகம் ஒரு கி.மீ. கூடினால் உயிர்ச்சேத விபத்து நான்கைந்து சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, வேகம்தான் எமன். ஆனால் நம் சண்டை எல்லாம் காகிதத்தில் இருக்கும் எண்ணைப் பற்றியே நடக்கிறது. 2018-ல் மத்திய அரசு வேக வரம்பை உயர்த்தி, காருக்கு விரைவுச்சாலையில் 120, தடுப்புள்ள நான்குவழிச்சாலையில் 100 என்று அறிவித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. எண் ஏறியது, எண் இறங்கியது. திருமங்கலத்துக்குத் தெற்கே போகும் ரோட்டின் அகலமோ, மீடியன் இடைவெளியோ, சர்வீஸ் ரோடு திடீரென்று முடிகிற இடமோ ஒரு தீர்ப்பினாலும் மாறவில்லை. அந்த ரோட்டில் கிடை ஆடும் போகிறது, வைக்கோல் டிராக்டரும் போகிறது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் ஓரமாகப் போகிறார்கள். அவர்களுக்கு வேறு வழி போட்டுக் கொடுக்காமல், ரோட்டை மட்டும் அவர்கள் இல்லாதது போல் கட்டிவைத்திருக்கிறோம்.

நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த 7.3 கி.மீ. மேம்பாலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு விதத்தில் அது நான் சொன்ன தத்துவம்தான். தூரம் போகிறவர் மேலே, கடைக்குப் போகிறவர் கீழே. மேலே ஏறியதும் யாருக்கும் சந்தேகம் வராது, குறுக்கே ஆடு வராது. ஆனால் ஏழு கிலோமீட்டர் தங்குதடையில்லாமல் ஓடிவந்த கண்ணுக்கு, இறங்கும்போது 50 கி.மீ. வேகம் நடக்கிற மாதிரித் தெரியும். இது டிரைவரின் திமிர் அல்ல, கண்ணின் குணம். ஆகவே பாலத்தின் பரீட்சை அது தல்லாகுளத்தில் இறங்கும் இடத்தில்தான். கீழ் ரோட்டுக்கும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. தூர வண்டிகள் மேலே போய்விட்டன. கீழே உள்ளதை இனி ஊர்த் தெருவாகவே செய்துவிடலாம். நடைபாதை, குறுக்கே கடக்க மேடு, மரம். யாராவது செய்வார்களா என்று பார்ப்போம்.

கடைசியாக நம் வாசல். போன வருஷம் நம் முதலாண்டுத் தம்பி ஒருவர் பஸ் ஸ்டாப்பிலிருந்து காலேஜ் கேட்டுக்குக் குறுக்கே வரும்போது டூவீலர் அடித்துக் கால் முறிந்தது. பிளேட் வைத்தார்கள். ஒரு செமஸ்டர் போனது. அப்பா கொத்தனார், ஆஸ்பத்திரிக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். அடித்த பையனைத் திட்டினோம், அவனும் திட்டு வாங்க வேண்டியவன்தான். ஆனால் அந்த இடத்தில் நின்று, அவன் வந்த திசையிலிருந்து பாருங்கள். நமது கேட் தெரியாது. காம்பவுண்டுச் சுவரில் அரசியல் கட்சி விளம்பரம்தான் தெரியும். ரோடு அந்த இடத்தில் இன்னும் அகலமாகிறது, பஸ் நிற்பதற்காக. இங்கே ஆயிரம் பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று சொல்ல ஒரு பொருள் கிடையாது.

வேகத்தடை கேட்டு மாணவர் பேரவை மனு கொடுத்திருக்கிறது. அதோடு ஒரு வரைபடத்தையும் கொடுப்போம் என்பது என் யோசனை. கேட்டுக்கு இருபுறமும் 150 மீட்டர். ரோட்டின் அகலம், ஸ்டாப்பின் இடம், கம்பங்கள், மரங்கள், எந்த இடத்திலிருந்து கேட் கண்ணுக்குத் தெரிகிறது என்ற தூரம், இவ்வளவும் எடுத்து, எங்கே குறுக வேண்டும், எங்கே உயர்த்தப்பட்ட கடவைப் பாதை வர வேண்டும் என்று நாமே வரைந்து கொடுக்கலாம். சர்வே படித்துவிட்டு வகுப்பறைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தையே எத்தனை தடவை அளப்பது? ஆட்டோமொபைல் நண்பர்கள் ஸ்டாப் வாட்ச்சோடு வந்தால் வண்டிகளின் வேகத்தையும் எடுத்துவிடலாம். வியாழக்கிழமை மதியம் சிவில் மூன்றாம் ஆண்டுக்கு லேப் கிடையாது. டேப்பும் ரேஞ்சிங் ராடும் ஸ்டோரில் இருக்கின்றன, ஹெச்.ஓ.டி. கையெழுத்து போட்டால் தருவார்கள். சிவப்புக் கொடி இரண்டு நான் கொண்டுவருகிறேன்.